பாதி வெந்த சுவரொட்டி

ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கம் சுவரொட்டி என்று பேர். அறுத்த சூட்டோடு எடுத்துச் சுவரில் எறிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் புதுசு, வழுக்கி விழுந்தால் பழசு. முதுகுளத்தூர் பக்கத்தில் என் அண்ணன் வீட்டுத் தொழுவத்துச் சுவரில் அப்படி ஒட்டிய கறைகள் எட்டு இருந்தன. பிறகு சுவருக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தார்கள். அதற்கப்புறமும் எந்தக் கறை எங்கே இருந்தது என்று கை வைத்துக் காட்ட என்னால் முடியும். அந்த எட்டையும் என் புருஷனுக்கு ஊட்டியவள் நான்தான்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறத்தியார் சொல்லிக் கேட்க வேண்டாம். கல்யாணமாகிப் புருஷன் ஊரான மண்டபம் கடற்கரைக்கு வந்த ஆறாம் மாதத்திலேயே தண்ணீர்க் குழாயடியில் எனக்கு வழிவிட்டு நிற்பார்கள். அவர் எனக்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன். லாஞ்சு மெக்கானிக். மோட்டார் வைத்த படகுகள் அப்போதுதான் எங்கள் கடலுக்கு வரத் தொடங்கியிருந்தன. எந்த எஞ்சின் முக்கினாலும் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம், படகிலிருந்து கரைக்குத் தாவும்போது கால் வழுக்கி, இடது விலா படகின் விளிம்பில் மோத விழுந்தார். எழுந்தார், சிரித்தார், வீட்டுக்கு நடந்தே வந்து சோறு போடச் சொன்னார். இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாடியே கிடைக்கவில்லை என்றார்கள். மண்ணீரல் உடைந்து வயிறு முழுக்க ரத்தம். வயிற்றைத் திறந்து மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. “மண்ணீரல் இல்லாமலும் மனுஷன் நல்லா வாழலாம்மா. பயப்படாதீங்க. ஆனா காய்ச்சல் வந்தா மட்டும் சும்மா இருந்துராதீங்க, உடனே இங்க கூட்டிட்டு வந்துருங்க.”

எனக்கு முதல் பேச்சிலேயே எரிச்சல் வந்துவிட்டது. இல்லாமலும் வாழலாம் என்றால் கடவுள் அதை எதற்கு வைத்தான்? வேலை இல்லாமல் வைத்தானா? அந்த எரிச்சலில் அவர் கடைசியாகச் சொன்ன காய்ச்சல் பேச்சு என் காதில் ஏறவே இல்லை.

உடம்பு தேறும்வரை தன் வீட்டில் இருக்கட்டும் என்று அண்ணன் வந்து நின்றான். அவருக்குக் கூச்சம். “மச்சினன் வீட்ல உக்காந்து திங்கிறான்னு ஊரே பேசும்” என்றார். “பேசுற வாயில நான் மண்ணள்ளிப் போடுறேன், நீங்க கெளம்புங்க” என்று மூட்டையைக் கட்டினேன். அப்பா அம்மா இல்லாத வீடு அது. அண்ணனும் மதினியும் இரண்டு பிள்ளைகளும் நாற்பது ஐம்பது ஆடுகளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஒரு ஆடு அறுத்துப் பனையோலை விரித்துக் கூறு போடுவான். தெருக்காரர்கள் ஆளுக்கொரு கூறு வாங்கிப் போவார்கள். முதல் ஞாயிறன்று சுவரொட்டியைச் சுவரில் எறிந்து பார்த்து, ஒட்டியதும் பிய்த்து எடுத்து, என் கையில் வைத்தான். உள்ளங்கை அகலம். கறுஞ்சிவப்பு. இன்னும் சூடு ஆறவில்லை.

“இந்தா தாயி. மாப்ளைக்கு எது போச்சோ அதையே குடு. அடுப்புல வேக வச்சிறாத, சத்தெல்லாம் செத்துரும். கங்குல காட்டி எடு. உள்ள ரத்தம் நிக்கணும்.”

ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி கொடுப்பது ஊர் வழக்கம்தான். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், சோகை பிடித்த குமரிக்குக் கொடுப்பார்கள். ஆனால் மண்ணீரலே போனவனுக்கு மண்ணீரலையே கொடுப்பது என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போன இடத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். நான் மெய்யாகவே அப்படி நம்பினேன்.

கங்கில் இந்தப் பக்கம் ஒரு காட்டு, அந்தப் பக்கம் ஒரு காட்டு. மேலே மட்டும் தோல் சுருங்கும். உப்பும் மிளகும் தூவி, கத்தியால் கீறினால் உள்ளே கூழாகச் சிவப்பு நிற்கும். அதைத் தட்டில் வைத்து அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கடைசித் துண்டு உள்ளே போகும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது ஞாயிறு என்று நினைக்கிறேன், ஒரு துண்டை வாயில் வைத்தவர் மெல்லாமல் நிறுத்தினார்.

“பச்சையா இருக்குடி. இன்னுங் கொஞ்சம் வேகட்டுமே.”

அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்! “நான் என்ன வெசமா வைக்கிறேன்? இருக்கிற ஆடெல்லாம் அறுத்து எங்கண்ணன் உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறான். உங்க வீட்டு சனம் ஒண்ணாவது எட்டிப் பாத்துச்சா? பச்சையாம் பச்சை!” என்று கத்திவிட்டு, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவர் மென்றார், விழுங்கினார், தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கோடையில் அண்ணனுடைய ஆடுகளில் சினை நிற்கவில்லை. நாள் நிறைவதற்கு முன்பே குட்டி கலைந்து விழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. முடி முளைக்காத குட்டிகளைக் கருவேலங்காட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருவான். புல் இல்லை, வெயில் தாங்கவில்லை என்று காரணம் சொன்னான். சினை கலைந்த ஆட்டை வைத்துத் தீனி போட்டு என்ன பண்ண என்று, ஞாயிற்றுக்கிழமை அறுப்புக்கு அந்த ஆடுகளையே ஒவ்வொன்றாகப் பிடித்தான்.

மதினிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஞாயிறு நான் கங்கு ஊதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“இந்த ஆட்டுது எதையும் எம் புள்ளைகளுக்கு நான் குடுக்கலைம்மா. நாம திங்கிற கறியவே நாலு கொதி கொதிக்க விட்டுத்தான் எறக்குறேன். நீ அதையாச்சும் நல்லா வதக்கிக் குடேன்.”

என் புருஷனுக்கு ஒரு வாய் அதிகமாகப் போவது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குப் பட்டது. “உங்க வீட்டு அடுப்புல எரியிற வெறகு வீணாப் போகுதேன்னு நெனச்சா சொல்லிருங்க மதினி, நான் வெளிய கல்லுக்கூட்டிச் சுட்டுக்கிறேன்” என்றேன். அவள் முகம் செத்துப்போய் உள்ளே போனாள். நல்ல மனசுக்காரி. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் ஒரு மாதம் அவர் தேறித்தான் வந்தார். கன்னத்தில் சதை வைத்தது. கிணற்றடிவரை நடந்துபோனார், அண்ணனுடைய ரேடியோவைப் பிரித்து மாட்டினார். வைகாசியில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரம், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் “குளுருதே” என்றார். அந்த வெயிலில்! நான் சிரித்தேன். பல் தந்தியடிக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. இருந்த போர்வை, சாக்கு, எல்லாம் போட்டு மூடியும் கட்டில் கடகடவென்று ஆடியது. ஒரு மணி நேரம். பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு குளித்து எழுந்தவர்போல வியர்த்து, துவண்டு கிடந்தார்.

மூன்று நாள் அப்படி வந்தது, நான்காம் நாள் போய்விட்டது. முறைக் காய்ச்சல், மலேரியாதான் என்று முதுகுளத்தூர் டாக்டர் மாத்திரை கொடுத்தார். போன காய்ச்சல் மாத்திரையால் போனது என்று நம்பினோம். அடுத்த ஞாயிறு சுவரொட்டி கொடுத்தேன். காய்ச்சலில் ரத்தம் குறைந்திருக்குமே!

ஒன்பது பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. மறுபடியும் போனது. காய்ச்சல் அடித்த ஞாயிறுகளில் அவருக்கு எதுவும் இறங்காது; விட்டதும் மறுபடியும் சுவரொட்டி. இப்படி வருவதும் போவதுமாக ஆனி மாதம் கழிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் குறைந்து திரும்பினார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, கயிறு கட்டிக்கொண்டார். ரேடியோப் பக்கம் போவதில்லை. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு அந்தக் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் நான்கு மணி நெருங்கினால் முற்றத்தில் நிழல் எங்கே வந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். முருங்கை மரத்து நிழல் ஆட்டுத் தொட்டியைத் தொட்டால் அவருக்குக் குளிர் வருகிற நேரம். அந்த நிழலை ஒரு கம்பை எடுத்து விரட்டிவிடலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. பயந்தால் புத்தி இப்படியெல்லாம் போகும்போல.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. கருவேலங்காட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்றார்கள். புதைத்த குட்டிகளின் வாடை அடித்துவிட்டது என்றார்கள். வேப்பிலை அடித்தோம், தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நிற்கும் ஒன்பது நவபாஷாணக் கல்லையும் சுற்றி முங்கி வந்தால் சரியாகும் என்றான் அண்ணன். முங்குகிற நிலையிலா அவர் இருந்தார்? அவருடைய வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் போய் முங்கினேன். தண்ணீரில் நின்றுகொண்டு அழுதேன். “என் தாலிய எடுத்துராதீங்க” என்று ஒன்பது கல்லிடமும் தனித்தனியாகக் கெஞ்சினேன். திரும்பி வந்த அன்றும் நான்கு மணிக்குக் கட்டில் ஆடியது.

ஆடி பிறந்ததும் நோய் காலுக்கு வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். இடது கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளத்து, உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு தொடைவரைக்கும் ஓடியது. தொட்டால் கத்தினார். வாயில்லாத மனுஷன் கத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் நரைத்த மீசை டாக்டர் சொன்னது எங்கிருந்தோ வந்து காதில் விழுந்தது. காய்ச்சல் வந்தா சும்மா இருந்துராதீங்க. இரண்டு மாதமாகச் சும்மாதானே இருந்திருக்கிறேன், பாவி!

மதுரையில் அதே டாக்டர். காலை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன். ரத்தம் எடுத்து, சாறுபோல ஏதோ ஊற்றிய பாட்டில்களில் விட்டு அனுப்பினார்.

“அதுல என்ன வளருதுன்னு பாக்கணும்மா. கொஞ்ச நாளாகும்.”

“ரத்தத்துல என்னங்கய்யா வளரும்?”

“கிருமி இருந்தா வளரும்.”

வளர வேண்டும் என்று வேண்டுவதா, வளரக்கூடாது என்று வேண்டுவதா? எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. வெள்ளைத்துணி போர்த்தி ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் கண்ணைத் திறந்துவிடக் கூடாதே என்று என் சேலையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பஸ்ஸில் வந்தான். கையில் மூன்று அடுக்குத் தூக்குவாளி. நடுத்தட்டில் வாழையிலை சுற்றிய சுவரொட்டி. விடிகாலை அறுத்ததாம். மதினிக்குத் தெரியாமல் கங்கில் காட்டி எடுத்து வந்தானாம். பாதியை மசித்து அன்று மத்தியானமே அவருக்கு ஊட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் மூக்குக்குக் கீழே! மீதிப் பாதியை மறுநாளைக்கு என்று தூக்குவாளியிலேயே மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதுதான் எட்டாவது.

மறுநாள் காலை டாக்டர் வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான். பாட்டிலில் வளர்ந்துவிட்டது.

ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார், விப்ரியோ என்று ஆரம்பிக்கும். பிற்காலத்தில் அந்த வம்சத்துக்கே கேம்பிலோபாக்டர் என்று பேர் மாற்றிவிட்டார்களாம். அன்றைக்கு எனக்குப் பேரா முக்கியம்? அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குக் காது அடைத்துப்போனது.

“மனுஷங்களுக்கு ரொம்ப அபூர்வமா வர்றதும்மா இது. ஆடு மாட்டுக்குச் சினைய கலைக்கிற கிருமி. நம்ம உடம்புக்குள்ள போனாலும் சாதாரணமா நம்ம உடம்பே அடிச்சு வெரட்டிரும். ரத்தத்துல வர்ற கிருமியப் புடிக்கிற எடம் மண்ணீரல். இவருக்கு அது இல்ல. அதான் ரத்தத்துலயே தங்கிருச்சு.” கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். “வீட்ல ஆடு மாடு உண்டா? பச்சைப் பால், சரியா வேகாத கறி, ஏதாவது குடுத்தீங்களா?”

ராத்திரி அங்கேயே தங்கியிருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். டாக்டரின் செருப்புக் கால் கட்டிலுக்கடியில் தூக்குவாளியை லேசாக இடித்தது. ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

“இல்லைங்கய்யா” என்றேன்.

என் குரல்தான் அது. இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு அன்றைக்கு வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

டாக்டர் தலையாட்டினார். “எங்கயோ ஒரு தடவை வெளிய சாப்பிட்டதுல வந்துருக்கலாம். ஒரு தடவைதான்னா பத்து நாள் மருந்து போதும். மாசக்கணக்கா உள்ள போயிருந்தா ரத்தக் குழாய்லயே கூடு கட்டியிருக்கும். அதுக்கு ஆறு வாரமாச்சும் ஊசி போடணும். பாதியில விட்டா திரும்பி வரும். திரும்பி வந்தா இந்த உடம்பு தாங்காது.” சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அண்ணன் வெளியே தாழ்வாரத்தில் போய்ச் சுவரோடு உட்கார்ந்துகொண்டான். ஆறடி ஆள். சின்னப் பிள்ளைபோல முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “நாந்தான் தாயி கொண்டாந்து குடுத்தேன். நாந்தான் கொண்டாந்தேன்” என்று அதையே சொன்னான். அவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் யார்?

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். குப்பைத்தொட்டி ஓரமாக ஒரு பெட்டை நாய் படுத்திருந்தது. மடி தொங்கிற்று, சினை நாய். வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. கொட்ட மனம் வரவில்லை. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நாய்க்குக் கொடுக்க இவ்வளவு பயப்படுகிறேன், அவருக்கு எட்டு தடவை கொடுத்திருக்கிறேன். மரத்தடியில் கம்பியால் குழி தோண்டி, இலையோடு புதைத்து, மேலே கல்லை வைத்துவிட்டு வந்தேன்.

ஊசி போடத் தொடங்கினார்கள். இரண்டாம் நாளே நான்கு மணிக் குளிர் வரவில்லை. வார்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கோ பயம் இரட்டிப்பானது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! சொன்னால் என்ன நடக்கும்? புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று பேர் வரும். குழாயடியில் வழிவிட்டு நின்றவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? கூடு கட்டியது உள்ளேயே இருக்கும். மண்டபத்து வீட்டில் ஒருநாள் நான்கு மணிக்கு மறுபடியும் கட்டில் ஆடும்.

நான்கு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, “நல்லா தேறிட்டார், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லி நகர்ந்தார். வார்டு வாசலைத் தாண்டி, நீளமான தாழ்வாரத்தில் பாதி தூரம் போய்விட்டார். நான் ஓடினேன். செருப்புக்கூட இல்லாமல், முந்தானை தரையில் இழுபட, “டாக்டரய்யா, டாக்டரய்யா” என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுவரொட்டி, கங்கு, சினை கலைந்த ஆடுகள், தூக்குவாளி, எல்லாம். அண்ணனைச் சொல்லவில்லை. நான் செய்தேன் என்றே சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எத்தனை தடவை?”

“எட்டுங்கய்யா. கடைசி, போன ஞாயித்துக்கெழம. இங்கன வச்சே குடுத்தேன்.”

பேனாவை எடுத்து அட்டையில் எழுதினார். எழுதி முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆறு வாரம் இருக்கட்டும்” என்றார். பிறகு, “இன்னிக்கு நீங்க சொல்லலைன்னா அவர் பொழைக்கிறது கஷ்டம்மா” என்றார். புகழ்கிறாரா, திட்டுகிறாரா என்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

என் புருஷனிடம் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை. அந்த ஆறு வாரத்தில் ஒருநாள் இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். தாழ்வாரத்தில் நான் கத்திக்கொண்டு ஓடியது ஊருக்கே கேட்டதாம். பக்கத்துக் கட்டில்காரர் விவரமாகச் சொல்லிவிட்டாராம்.

“எனக்கு ஆரம்பத்துலேருந்தே கொமட்டுச்சு” என்றார்.

“அப்பறம் எதுக்குத் தின்னீங்க? வாயில்லையா உங்களுக்கு?” பழக்க தோஷம், குரல் ஏறிவிட்டது.

அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாக இருக்கிறது என்று அவர் சொன்ன அந்த ஞாயிறும், நான் கத்தியதும், அவர் தண்ணீர் குடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆவணி கடைசியில் மண்டபம் வந்து சேர்ந்தோம். கால் கொஞ்சம் இழுத்தது, மற்றபடி மனுஷன் முழுசாக வந்துவிட்டார். பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா, மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருந்தாளாம், சந்தோஷத்தில் அன்று பிடித்த விளமீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தடித்த துண்டுகளாகப் போட்டு மசாலா தடவிப் பொரித்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் அடுப்பில் என் சமையல். வெந்ததா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் ஒரு துண்டு தீய்ந்தே போனது. நல்ல துண்டாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்து, பழையபடி எதிரே உட்கார்ந்தேன்.

அவர் மீனைப் பிட்டார். பிட்டவர் வாயில் வைக்காமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு ஒரு விள்ளலை எடுத்தார்.

“வெந்துருக்கா?” என்றேன்.

“வெந்துருக்கு.”

அந்த அவசரம் எனக்குத் தெரியும். எட்டு ஞாயிறு பார்த்த அவசரம் அது. கிருமி வந்தபோது பயந்தேன், கால் வீங்கியபோது பயந்தேன், ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் பயந்ததுபோல வேறு எதற்கும் பயந்ததில்லை. அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். விள்ளல் விரலிலேயே நின்றது.

“உண்மையச் சொல்லுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்.”

வெளியே ஏதோ ஒரு லாஞ்சு கரைக்கு வரும் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறவர், திருப்பவில்லை.

“கோவப்படாத” என்றார். “முள்ளுகிட்ட வேகல.”

தட்டோடு வாங்கிக்கொண்டுபோய் மீனைத் திரும்பச் சட்டியில் போட்டேன்.